கூடப் பிறந்த எஞ்சினா, குடியேறிய எஞ்சினா?

1969 ஷெவர்லே கேமரோ இசட்-28 காரில் இருப்பது தொழிற்சாலையில் ஏற்றிய அதே எஞ்சின்தானா என்ற கேள்விக்கு முதல் சாட்சி, இரண்டு விரல் அகலமுள்ள ஓர் இரும்புப் பரப்பு. எஞ்சின் பிளாக்கின் முன்புறத்தில், பயணி உட்காரும் பக்கத்து சிலிண்டர் ஹெட் முடிகிற இடத்தில் அது சற்றே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதைப் ‘பேட்’ என்கிறார்கள். ஆல்டர்னேட்டர் அதை மறைத்துக்கொண்டிருக்கும். அரை நூற்றாண்டு கிரீஸும் ஷெவர்லேயின் ஆரஞ்சு பெயின்ட்டும் அதன்மேல் அப்பியிருக்கும். துடைத்துப் பார்த்தால், பஞ்ச் அடித்த எழுத்துகளும் எண்களும் ஒரு வரியில் தெரியும். அந்த வரி டி, இசட் என்ற இரண்டு எழுத்துகளில் முடிந்தால், அந்த எஞ்சின் இசட்-28 காருக்கென்றே கோத்தது. முடிய வேண்டும் என்று யாரோ பின்னாளில் அடித்ததாகவும் இருக்கலாம். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பழைய கார் சந்தையில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்ற பேச்சு அடிபடாத நாளில்லை. காரின் அடையாள எண்ணும் எஞ்சினில் அடித்த எண்ணும் ஒத்துப்போகின்றன, ஆகவே காரோடு பிறந்த எஞ்சின் இன்னும் காரிலேயே இருக்கிறது என்பது அதன் பொருள். பொருத்தம் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறொரு விலை. அரிதான மாடல்களில் இந்த வித்தியாசம் ஒரு வீடு வாங்கும் தொகைக்கே போய்விடும். எண்ணைப் படிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் போதும். படித்ததை நம்பலாமா என்று முடிவு செய்வதுதான் கடினம்.

எஞ்சின்கள் எங்கே போயின?

நடுத்தர அளவுள்ள இரண்டு கதவு காரில் பெரிய வி-8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்பது என்ற யோசனைக்கு 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. வழிகாட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் டெட்ராய்ட்டின் எல்லா நிறுவனங்களும் அந்தப் பந்தயத்தில் இறங்கின. ‘மஸில் கார்’ என்று பெயர் பெற்ற அந்தக் கார்களை வாங்கியவர்கள் பூப்போல வைத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை இரவு கால் மைல் பந்தயத் தடத்தில் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓட்டினார்கள். கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்தால், காயலான் கடையிலிருந்து வேறோர் எஞ்சினைத் தூக்கி வந்து மாட்டினார்கள். இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1971இல் ஷெவர்லே, பான்டியாக் ஆகியவற்றின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதன்பிறகு பெட்ரோல் குடிக்கும் இந்தக் கார்கள் அடிமாட்டு விலைக்குக் கை மாறின. ஒரு நாள் இந்த எஞ்சின் நம்பரை யாராவது தேடுவார்கள் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

மாற்றியதற்குப் பதிவும் இல்லை. நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பரோடு எஞ்சின் நம்பரும் இருக்கும். எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் இந்தக் காலத்துக் கார்களின் உரிமைச் சான்றிதழில் இருப்பது வாகன அடையாள எண் மட்டும்தான். எஞ்சினை எத்தனை முறை மாற்றினாலும் காகிதத்தில் எதுவும் மாறாது. ஆகவே சாட்சி சொல்ல வேண்டியது இரும்புதான்.

காரின் எண் சொல்லாதது

1969 கேமரோவின் அடையாள எண் டேஷ்போர்டின் இடது ஓரத்தில், முன் கண்ணாடி வழியே வெளியிலிருந்து படிக்கும்படி சிறு தகட்டில் இருக்கும். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை, இதழ் விரித்த பூ வடிவில் இருக்க வேண்டும். சாதாரண ரிவெட்டோ ஸ்க்ரூவோ இருந்தால் எஞ்சின் பக்கம் போவதற்கு முன்பே அந்தக் காரைச் சந்தேகிக்கலாம்.

உதாரணத்துக்கு 124379 என் 603215 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். முதல் 1 ஷெவர்லே. 24 என்றால் வி-8 எஞ்சின் உள்ள கேமரோ. ஆறு சிலிண்டர் என்றால் 23. அடுத்த 37 கூரையுள்ள இரண்டு கதவு கூப்பே. திறந்த கூரைக்கு 67. 9 என்பது 1969. ‘என்’ என்றால் ஓஹையோ மாநிலத்து நார்வுட் தொழிற்சாலை. கலிஃபோர்னியாவின் வான் நைஸில் செய்த காருக்கு ‘எல்’. கடைசி ஆறு இலக்கங்கள் வரிசை எண்.

இதில் எந்த வி-8 என்பது எங்கும் இல்லை. கடைக்குப் போய்வர வாங்கிய 307 கன அங்குல எஞ்சின் காரும், 302 எஞ்சின் இசட்-28 காரும், அலுமினிய பிளாக் கொண்ட 427 கன அங்குல இசட்-எல்-1 காரும் ஒரே 12437 என்றுதான் தொடங்கும். இசட்-எல்-1 கேமரோ மொத்தம் 69தான் தயாரானது. அந்த எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் கூடுதல் விலை. மொத்தத்தில் கார் 7,000 டாலரைத் தாண்டியது. இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சிற்றூரில் டீலராக இருந்த ஃபிரெட் கிப் முதல் 50 கார்களுக்கு ஆர்டர் கொடுத்து, விலையைப் பார்த்த பிறகு விற்க முடியாமல் பலவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் காரும் 307 காரும் அடையாள எண்ணில் இரட்டைப் பிள்ளைகள். ஷெவர்லேயின் இன்னொரு மாடலான 1970 ஷெவெல்லில் 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.-6 எஞ்சினுக்கும் இதே கதை. ஜெனரல் மோட்டார்ஸ் அடையாள எண்ணில் எஞ்சினுக்கென்று ஓர் எழுத்தைச் சேர்த்தது 1972 மாடலில்தான். அதற்குள் மஸில் கார் காலமே முடிந்துகொண்டிருந்தது. இன்று இத்தனை ஏமாற்று வேலை ஷெவர்லேக்களைச் சுற்றி நடப்பதற்கு இந்த ஒரு விடுபடலே பாதிக் காரணம்.

வார்ப்பும் முத்திரையும்

ஷெவர்லே எஞ்சினில் மூன்று இடங்களில், மூன்று வெவ்வேறு கட்டங்களில், வெவ்வேறு கைகள் அடையாளம் வைத்தன. முதலாவது வார்ப்பு அடையாளம். இது பிளாக்கை வார்க்கும்போதே அச்சில் இருந்து புடைப்பாக வருவது. பின்னால் அடித்துச் சேர்க்க முடியாது. சிறிய பிளாக் எனப்படும் 302, 327, 350 எஞ்சின்களில் ஏழு இலக்க வார்ப்பு எண், பின்புறம் கியர் பெட்டி சேரும் விளிம்பில் டிரைவர் பக்கம் இருக்கும். அதே விளிம்பின் பயணி பக்கத்தில் வார்ப்புத் தேதி: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல். ‘பி 12 9’ என்றிருந்தால் பிப்ரவரி 12, 1969.

வார்ப்பு எண் ஒன்றை மட்டும் வைத்து எஞ்சினை முடிவு செய்வது பெருந்தவறு. 1969 இசட்-28 எஞ்சினுக்குப் பயன்பட்ட பிளாக்குகளில் 3956618, 3970010 ஆகியவை உண்டு. இவற்றில் 3970010 சாதாரண 350 எஞ்சினின் பிளாக்கும்கூட. இரண்டுக்கும் சிலிண்டரின் விட்டம் 4 அங்குலம்தான். 350 எஞ்சினின் கிராங்க்கில் பிஸ்டன் 3.48 அங்குலம் ஏறி இறங்கும். 302இல் 3 அங்குலம். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் அளவு 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்ற விதிக்காக ஷெவர்லே செய்த ஏற்பாடு அது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. டிரக்கிலோ குடும்பக் காரிலோ ஓடிய 350 பிளாக் ஒன்று, பேடில் இரண்டு எழுத்தை மாற்றினால் அரிய எஞ்சினாக உருமாறிவிடும் என்பது இதனால்தான்.

இரண்டாவது, எஞ்சின் தொழிற்சாலை பேடில் அடித்த முத்திரை. மிச்சிகனின் சாகினாவில் வார்த்த சிறிய பிளாக்குகள் ஃபிளின்ட் தொழிற்சாலைக்குப் போய், அங்கே கடைந்து கோத்து முடிக்கப்பட்டன. பெரிய பிளாக்குகள் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டாவில் தயாராயின. முத்திரையின் முதல் எழுத்து ஊரைச் சொல்லும்: ஃபிளின்ட்டுக்கு ‘வி’, டோனவாண்டாவுக்கு ‘டி’. அடுத்து மாதமும் நாளும் நான்கு இலக்கத்தில். கடைசியில் எந்தக் காருக்கு, எந்தக் கியர் பெட்டியோடு, எத்தனை குதிரைத்திறனில் என்பதைச் சொல்லும் குறியீடு. ‘வி0220டிஇசட்’ என்றால் பிப்ரவரி 20 அன்று ஃபிளின்ட்டில் கோத்த 302. 1967, 1968 இசட்-28 எஞ்சின்களுக்கு டிஇசட் கிடையாது, எம்ஓ. டீலர்கள் தனி ஆர்டரில் வரவழைத்த 1969இன் 427 கேமரோவில், கை கியர் என்றால் எம்என், ஆட்டோமேட்டிக் என்றால் எம்ஓ. ஒரே எம்ஓ இரண்டு வேறு எஞ்சின்களுக்கு வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டும் ஊரும் சேர்ந்தால்தான் குறியீட்டுக்கு அர்த்தம். 1970 மாடலில் இருந்து இரண்டெழுத்துப் போதாமல் மூன்றெழுத்தானது.

மூன்றாவது முத்திரை கார் தொழிற்சாலையில் விழுந்தது. திருட்டைத் தடுக்கும் முயற்சியாக 1968 மாடல் தொட்டு அமெரிக்க நிறுவனங்கள் காரின் அடையாள எண்ணின் சுருக்கத்தை எஞ்சினிலும் கியர் பெட்டியிலும் அடித்தன. மேலே சொன்ன உதாரணக் காருக்கு அது ‘19என்603215’: ஷெவர்லே, 1969, நார்வுட், வரிசை எண். காரோடு எஞ்சினைக் கட்டிப்போடும் முடிச்சு இது ஒன்றுதான். சில எஞ்சின்களில் இது பேடிலேயே தொழிற்சாலை முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் கீழே ஆயில் ஃபில்டருக்கு மேலே, கடையாத கரடுமுரடான வார்ப்புப் பரப்பில் இருக்கும். இரண்டாவது இடத்தில் இருந்தால் உரிமையாளர் கொடுத்து வைத்தவர்; ஏன் என்பது அடுத்துத் தெரியும்.

மூன்றும் கிடைத்துவிட்டால் தேதிகளை வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். வார்த்த பிறகுதான் கோக்க முடியும். கோத்த பிறகுதான் காரில் ஏற்ற முடியும். கார் எப்போது தயாரானது என்பதை எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகடு சொல்லும். ‘03பி’ என்றிருந்தால் மார்ச் மாதத்து இரண்டாம் வாரம். பிப்ரவரி 12 வார்ப்பு, பிப்ரவரி 20 எஞ்சின், மார்ச் இரண்டாம் வாரம் கார் என்று வந்தால் கணக்கு இயல்பாக இருக்கிறது. வார்ப்புக்கும் காருக்கும் இடையே சில வாரங்கள் சாதாரணம். பல மாதங்கள் என்றால் காரணம் கேட்க வேண்டும். காருக்குப் பிறகு எஞ்சின் பிறந்திருந்தால் பேச்சே இல்லை. போலி வேலை செய்பவர்கள் பலர் பேடில் எல்லாவற்றையும் அழகாக அடித்துவிட்டு, பின்னால் புடைத்து நிற்கும் வார்ப்புத் தேதியிடம் மாட்டிக்கொள்வது உண்டு. அதை மறைக்க அந்த இடத்தையே அரைத்து எடுத்திருந்தால், அரைத்த தடமே குற்றப்பத்திரிகை.

ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் வைத்ததில் ஒரு பொறி இருக்கிறது. 3970010 பிளாக் எழுபதுகள் முழுக்க வார்க்கப்பட்டது. ‘பி 12 9’ என்ற வார்ப்புத் தேதி 1969க்கும் பொருந்தும், 1979க்கும் பொருந்தும். அதைவிட மோசம், 1979இல் நார்வுட்டில் தயாரான கேமரோவின் சுருக்க எண்ணும் ‘19என்’ என்றுதான் தொடங்கும். பத்து வருடம் இளைய எஞ்சினை இசட்-28 காரின் எஞ்சின் என்று நம்பி வாங்க இது போதும். பிடித்துக்கொடுப்பது கோத்த இடத்து முத்திரை: 1979இல் குறியீடு மூன்றெழுத்து, 1969இல் இரண்டெழுத்து. அந்த முத்திரையைக் காணோம், சுருக்க எண் மட்டும் இருக்கிறது என்று யாராவது சொன்னால், வரிசை எண்ணைக் கடைசி இலக்கம் வரை ஒப்பிடாமல் நகரக் கூடாது.

எண்களுக்கு அடியில்

எண்களைவிட அவை நிற்கும் பரப்பு நேர்மையானது. எஞ்சின் தொழிற்சாலையில், சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்முகத்தை ‘புரோச்’ என்ற நீண்ட, வரிசையாகப் பற்கள் கொண்ட வெட்டுக்கருவி ஒரே இழுப்பில் சீவியது. பேடும் அதே முகத்தின் நீட்சி என்பதால் அதுவும் சேர்ந்து சீவப்பட்டது. விளைவாக, பேடின் மேல் முன்னிருந்து பின்னாக மயிரிழை போன்ற நேர்கோடுகள் இணையாக ஓடும். முத்திரை அந்தக் கோடுகளின் மேல் விழுந்தது. எழுத்தின் உள்ளே கோடு நசுங்கியிருக்கும், வெளியே தொடரும்.

பழைய எஞ்சினைப் புதுப்பிக்கும்போது லேத் பட்டறையில் மேல்முகத்தை மறுபடி சீவிச் சமன் செய்வார்கள். நம் மெக்கானிக்குகள் ஃபேசிங் என்று சொல்வது. சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்தான் போகும். ஆனால் முத்திரையின் ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பேடையும் சேர்த்துச் சீவினால் எண்கள் மாயமாகிவிடும். எழுபது எண்பதுகளில் ஒழுங்காக எஞ்சின் வேலை பார்த்த பட்டறைகள் இப்படி எத்தனையோ உண்மையான எஞ்சின்களின் அடையாளத்தை அறியாமலே துடைத்துப் போட்டன. விவரம் தெரிந்த பட்டறைக்காரர் பேடைத் தொடாமல் விடுவார். அப்போது ஹெட்டின் ஓரத்தில் நகத்தால் தடவினால் ஒரு சின்னப் படி தட்டுப்படும். சுருக்க எண் ஆயில் ஃபில்டர் அருகே அடிக்கப்பட்டிருந்தால் ஃபேசிங் அதைத் தொடாது. முன்பு கொடுத்து வைத்தவர் என்றது இதற்காகத்தான்.

பட்டறைச் சீவலின் தடம் வேறு. சுழலும் வெட்டுக்கருவி வளைந்த விற்களைப் போட்டுவிட்டுப் போகும். அரைக்கும் கல் மங்கலான, திசையற்ற பளபளப்பை விட்டுப் போகும். அந்தப் பரப்பில் கூர்மையான, ஆழமான டிஇசட் முத்திரை நின்றால், முத்திரை சீவலுக்குப் பின்னால் வந்தது என்பது சொல்லாமலே விளங்கும். சந்தையில் இதற்கு ‘ரீஸ்டாம்ப்’ என்று பெயர். விஷயம் தெரிந்த போலிக்காரர் உப்புத்தாளை மரத்துண்டில் சுற்றி நேர்கோடு போட்டுப் பார்ப்பதும் உண்டு. அப்படிப் போட்ட கோடுகள் எழுத்துப் பள்ளத்தின் விளிம்பை மழுக்கியிருக்கும், அல்லது ஹெட்டின் ஓரத்தை ஒட்டியதும் நின்றுவிடும். ஹெட்டைக் கழற்றினால், தொழிற்சாலைக் கோடு அடியிலும் தொடர்கிறதா என்று பார்த்துவிடலாம். வாங்க வந்தவருக்கு அதற்கு அனுமதி கிடைப்பது அபூர்வம்.

எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் தொழிற்சாலையில் அச்சுகளை ஒரு பிடியில் வரிசையாகக் கோத்து ஒரே அடியில் அடித்தார்கள். ஆகவே அந்த வரி ஓரளவு நேராகவும் ஒரே இடைவெளியிலும் நிற்கும். சுருக்க எண் வேறு ஊரில், வேறு பிடியில், வேறொருவர் கையால் விழுந்தது. இரண்டின் எழுத்துருவும் ஆழமும் சாய்வும் வேறுபடத்தான் வேண்டும். இரண்டு வரியும் ஒரே எழுத்துருவில், ஒரே ஆழத்தில், அச்சுக் கோத்ததுபோல் அழகாக இருக்கிறது என்றால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு அழகைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. பாதி எழுத்து லேசாக விழுவது, வரி கோணலாக ஏறுவது எல்லாம் சகஜம். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்கள் அதே வாரத்தில் அதே தொழிற்சாலையில் வந்த எஞ்சின்களின் பேட் படங்களைச் சேர்த்து வைத்து, 3இன் தலை தட்டையா வளைவா, 9இன் வால் எப்படி முடிகிறது என்று ஒப்பிடுகிறார்கள்.

அழித்த எண்ணை மீட்கவும் வழி உண்டு. பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேலே சீவிவிட்டாலும் அந்த இறுகிய பகுதி அமிலத்தோடு வேறு விதமாக வினைபுரியும். மெருகேற்றிய பரப்பில் அமிலம் தடவினால் பழைய எண் நிழலாடும். திருட்டு வண்டிகளிலும் துப்பாக்கிகளிலும் காவல்துறைத் தடயவியல் ஆய்வாளர்கள் கையாளும் முறைதான் இது. மிக ஆழமாகச் சீவியிருந்தால் பலிக்காது.

கிறைஸ்லரும் ஃபோர்டும்

கிறைஸ்லரின் கார்களில் பாதி வேலையை அடையாள எண்ணே செய்துவிடுகிறது, ஏனென்றால் ஐந்தாவது எழுத்து எஞ்சினுக்கு உரியது. 1970 பிளிமத் ‘குடா’ ஒன்றின் எண் பிஎஸ்23ஆர்0பி என்று தொடங்கினால், ஆர் என்பது 425 குதிரைத்திறன் கொண்ட 426 ஹெமி. 0 என்பது 1970. கடைசி பி மிச்சிகனின் ஹாம்ட்ராம்க் தொழிற்சாலை. ஆர் இருக்கும் இடத்தில் வி இருந்தால் மூன்று கார்புரேட்டர் வைத்த 440, என் இருந்தால் 383. ஹெமி எஞ்சின் உள்ள 1971 குடா கன்வெர்டிபிள் வெறும் 11தான் தயாரானது. அதில் ஒன்று 2014இல் சியாட்டிலில் நடந்த மெக்கம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. 383 போட்ட அதே காருக்கும் அதற்கும் எண்ணில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஆனால் ஆர் என்ற எழுத்து, ஹெமியோடு பிறந்த கார் என்பதை மட்டுமே நிரூபிக்கும். இப்போது உள்ளே இருப்பது அந்த ஹெமிதான் என்பதை அல்ல. அதற்கு பிளாக்கின் அடிப்பக்கம், ஆயில் தொட்டி சேரும் விளிம்பை ஒட்டி அடித்திருக்கும் சுருக்க எண்ணைப் படிக்க வேண்டும். காரைத் தூக்கி, அடியில் படுத்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினால்தான் அது கண்ணில் படும். எஞ்சின் ஆண்டைச் சொல்லும் எழுத்துகளையும் கிறைஸ்லர் தனியே அடித்தது. 1968க்கு டி, 1969க்கு இ, 1970க்கு எஃப் என்று வரிசை போகும்.

கூடுதல் சாட்சிகள் இரண்டு. எஞ்சின் அறையில் இடது ஃபெண்டரின் உட்புறம் சிறு தகடு இருக்கும். அதில் காருக்கு ஆர்டர் செய்த ஒவ்வொன்றுக்கும் குறியீடு உண்டு. ஹெமிக்கு இ74, மூன்று கார்புரேட்டர் 440க்கு இ87. இன்னொன்று, வேலை நடக்கும்போது காரோடு பயணித்த தாள். வேலை முடிந்ததும் தூக்கி எறிய வேண்டியது; தொழிலாளர்கள் பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளோ தரைவிரிப்புக்கு அடியிலோ செருகிவிட்டதால் பல கார்களில் பிழைத்துக்கொண்டது. பின்சீட்டைக் கழற்றும்போது எலி கடித்த அந்தத் தாள் கிடைத்தால் உரிமையாளருக்குப் புதையல்தான். சில சமயம் வேறொரு காரின் தாளும் கிடைக்கும். வரிசை எண்ணைப் படித்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும்.

ஃபோர்டின் வழி எளிது. ஐந்தாவது எழுத்து எஞ்சின். ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங்கின் எண் 8ஆர்02எஸ்125559: 1968, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை, பின்புறம் சரியும் கூரை, 390 கன அங்குல எஞ்சின். 2020 ஜனவரியில் அந்தக் கார் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது; ஏலக் கட்டணத்தையும் சேர்த்தால் 37 லட்சத்து 40 ஆயிரம். 1969 மஸ்டாங்கில் பாஸ் 302 எஞ்சினுக்கு ஜி, பாஸ் 429 எஞ்சினுக்கு இசட். 1968 முதல் சுருக்க எண்ணை பிளாக்கின் பின்முனையில் அடித்தார்கள்; எஞ்சின் காரில் இருக்கும்போது அதைக் காண்பது கண்ணாடி வைத்துப் பல் மருத்துவம் பார்ப்பது மாதிரி. ஃபோர்டின் 1967 முதலான தயாரிப்புப் பதிவுகள் கெவின் மார்ட்டி என்பவரிடம் உள்ளன. காரின் எண்ணைக் கொடுத்தால் என்ன எஞ்சின், என்ன நிறம், எந்த டீலர் என்று அறிக்கை வந்துவிடும்.

காகிதம் உதவும் இடமும் உதவாத இடமும்

பான்டியாக் வாங்குபவருக்கு பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பு இருக்கிறது. தொழிற்சாலை விலைப்பட்டியலின் நகல் அங்கே கிடைக்கும். 1964, 1965 ஜி.டி.ஓ.க்களுக்கு இது இல்லாமல் நகரவே முடியாது. அப்போது ஜி.டி.ஓ. தனி மாடல் அல்ல, லெமான்ஸ் காரில் கேட்டு வாங்கும் கூடுதல் வசதி. அடையாள எண்ணில் அதற்கு எந்தக் குறியும் இல்லை. 1966இல்தான் 242 என்ற தனி எண் வந்தது. எஞ்சினில் காரின் எண்ணை அடிக்காத அந்த ஆண்டுகளில் பான்டியாக் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, விலைப்பட்டியலில் எழுதிவைத்தது. அந்த எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒத்தால் அதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில் விற்ற கேமரோ, ஷெவெல் கார்களுக்கு எந்த எஞ்சின் ஏற்றினார்கள் என்ற தொழிற்சாலைப் பதிவு மிஞ்சவில்லை. கனடாவில் விற்ற கார்களுக்கு மட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் கனடா நிறுவனத்திடம் ஆவணம் உண்டு. மற்றவர்களுக்கு இருக்கும் நல்ல ஆதாரம், வாரன்ட்டிப் புத்தகத்தில் ஒட்டி வந்த ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற சிறு உலோகத் தகடு. காரின் எண்ணும் எஞ்சின் முத்திரையும் அதில் புடைப்பாக இருக்கும். முதல் உரிமையாளரின் பெயரோடு, அவர் குடும்பத்திடமிருந்தே வரும் தகட்டுக்கு மதிப்பு அதிகம். தனியாக வரும் தகட்டுக்கு அவ்வளவு இல்லை. இதையும் போலியாகச் செய்கிறார்கள். காகிதமும் இரும்பும் முரண்பட்டால் இரும்பின் பக்கம் நிற்பதே நல்லது.

1967 வரையிலான பெரும்பாலான கேமரோக்கள், ஷெவெல்களில் சுருக்க எண்ணை எதிர்பார்க்க முடியாது. ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் அதற்கு விலக்கு. அப்படிப்பட்ட காரில் வார்ப்பு எண், வார்ப்புத் தேதி, கோத்த தேதி, குறியீடு நான்கும் சரியாக இருந்தாலும், இந்த எஞ்சின் இந்தக் காருக்குப் பொருந்தும் என்றுதான் சொல்லலாம். இந்தக் காரோடு வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. நாணயமான விற்பனையாளர் ‘தேதி பொருந்தும் எஞ்சின்’ என்று எழுதுவார். அதே சொல்லை 1969 காருக்கு எழுதினால் அர்த்தம் வேறு: ஒரிஜினல் எஞ்சின் போய்விட்டது, அந்த வயதுள்ள இன்னொன்றைத் தேடிப் போட்டிருக்கிறார்கள்.

ஒரிஜினல் என்பதே சிக்கலாகும் கார்களும் உண்டு. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் ஷெவர்லே டீலராக இருந்த டான் யென்கோ, 1967இல் தொழிற்சாலை ஏற்றிய 396ஐ இறக்கிவிட்டு 427ஐ ஏற்றி விற்றார். அந்தக் காரில் தொழிற்சாலை எஞ்சின் இருந்தால்தான் தப்பு. 1969 யென்கோ கேமரோவுக்கு 427ஐத் தொழிற்சாலையே ஏற்றித் தந்தது. அதில் முத்திரை பொருந்தியாக வேண்டும். வாரன்ட்டிக் காலத்தில் பிளாக் உடைந்து டீலர் மாற்றிக்கொடுத்த ஷெவர்லே எஞ்சின்களில் பேடில் சி.இ. என்ற எழுத்துகளோடு எண் இருக்கும். வாரன்ட்டி ரசீதும் கூட இருந்தால் அது மரியாதையான மாற்று எஞ்சின். விலை ஒரிஜினலுக்குக் கீழே, பெயர் தெரியாத எஞ்சினுக்கு மேலே.

வாகன அடையாள எண்ணைத் தெரிந்தே அழிப்பதோ மாற்றுவதோ அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சீவிப்போன பேடில் பழைய எண்ணையே திரும்ப அடித்து, அதை வெளிப்படையாகச் சொல்லி விற்பது சரியா என்பதில் கார்வெட் வட்டாரத்தில் பல காலமாகச் சண்டை ஓய்ந்தபாடில்லை. 1974இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்பாளர் சங்கத்தின் நடுவர்கள், பேடின் பரப்பும் முத்திரையும் தொழிற்சாலையில் இருந்து வந்தது போல் தெரிகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். ஒரிஜினல் என்று யாருக்கும் சான்றிதழ் எழுதித் தருவதில்லை. வாங்குபவர் காருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், பேடின் கிட்டத்துப் படம், பின்விளிம்பின் வார்ப்புத் தேதி, கியர் பெட்டியில் உள்ள சுருக்க எண் ஆகியவற்றைக் கேட்கலாம். கியர் பெட்டியும் அதே எண்ணோடு இருந்தால் சந்தேகம் பெருமளவு குறையும். ஆல்டர்னேட்டரைக் கழற்ற விற்பவர் மறுத்தால், அந்த எஞ்சினுக்கு ஒரிஜினல் விலை கொடுக்க வேண்டியதில்லை.